மவுத் வீட்டில் அழாத பிள்ளை



நம் மொஹல்லாவில் ஒரு வீட்டில் மவுத் ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளிவாசலில் அறிவிப்பு வரும். குளிப்பாட்டுபவரும் கஃபன் துணியும் வந்து சேரும். பக்கத்து வீடுகளில் அந்த வீட்டாருக்கும் சேர்த்து உலை வைப்பார்கள். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவர்கள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஜனாஸாவுக்கு வந்து நிற்பார்கள். ஆனால் அந்த வீட்டில் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பெரும்பாலும் நடப்பது இதுதான். கூட்டத்தில் சத்தம் போடுவான் என்று அவனைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்கிறோம். அடக்கம் முடிந்து அவன் திரும்பி வரும்போது அப்பா இல்லை, கட்டில் இடம் மாறியிருக்கிறது, வீடு நிறைய ஆட்கள். யாரும் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவனும் அழவில்லை. "பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம்.

அவனுக்குத் தெரியும். அவனுக்கும் துக்கம் உண்டு. அதை எப்படி அடையாளம் காண்பது, எப்படித் துணை நிற்பது என்பதே இந்த இதழின் பாடம். இங்கே பிள்ளை என்று நாம் சொல்வது சிறுவரை மட்டும் அல்ல. நாற்பது வயதிலும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

அழாததும் துக்கம்தான்

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே உள்ள ஒரு வேறுபாடு. கண்ணேறும் இல்லை, ஜின்னும் இல்லை, வளர்ப்பில் வந்த குறையும் இல்லை. பேச்சைப் புரிந்துகொள்வதும், மனதில் இருப்பதை முகத்தில் காட்டுவதும், சத்தம், வெளிச்சம், வாசனை ஆகியவற்றைத் தாங்குவதும் இவர்களுக்கு வேறு விதமாக இருக்கும். அன்றாட ஒழுங்கு மாறினால் தவித்துப் போவார்கள். இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் ஒன்று.

மருத்துவ உலகில் ஆட்டிசம் என்று முதன்முதலில் பதிவு செய்யப்பட்டவர் அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். 1933-இல் பிறந்தவர். டாக்டர் லியோ கானர் 1943-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வரும் பதினொரு குழந்தைகளில் முதல் குழந்தை இவர்தான். இவருடைய தந்தை 1980-இல் கார் விபத்தில் இறந்தார். தாய் 1985-இல் இறந்தார். பல ஆண்டுகள் கழித்து, தாயின் மரணத்தைப் பற்றிப் பத்திரிகையாளர்கள் கேட்டபோது, அது எதிர்பார்த்ததுதான், தான் அழவில்லை என்கிற மாதிரி அமைதியாகப் பதில் சொன்னார். கேட்பவருக்கு இது கல்நெஞ்சு போலத் தோன்றலாம். ஆனால் கண்ணீர் வரவில்லை என்பதை வைத்து அன்பு இல்லை என்று முடிவு கட்ட யாராலும் முடியாது.

இங்கிலாந்தில் ஷீலா ஹாலின்ஸ் என்ற மனநல மருத்துவர் தம் சக ஆய்வாளருடன் செய்த ஆய்வு 1997-இல் வெளியானது. தாயையோ தந்தையையோ இழந்த, அறிவுத்திறன் குறைபாடு உள்ள 50 பேரை, அப்படி இழக்காத 50 பேரோடு ஒப்பிட்டார்கள். இழந்தவர்களிடம் பதற்றமும் நடத்தை மாற்றங்களும் கூடுதலாக இருந்தன. ஆனால் அவர்களைப் பராமரித்தவர்கள் அந்த மாற்றங்களை மரணத்தோடு தொடர்புபடுத்திப் பார்க்கவே இல்லை. அந்த ஆய்வு ஆட்டிசத்தைப் பற்றி மட்டுமே செய்யப்பட்டதில்லை. என்றாலும் நம் வீடுகளில் நடப்பதை அது அப்படியே காட்டுகிறது.

துக்கம் வேறு வழிகளில் வெளிப்படும். அப்பாவின் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குத் தினமும் வாசலில் போய் நிற்பான். "அப்பா எப்ப வருவார்?" என்ற ஒரே கேள்வியை நூறு முறை கேட்பாள். அப்பாவின் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் கத்துவான். தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். சோறு இறங்காது, தூக்கம் வராது. பழகியிருந்த கழிப்பறைப் பழக்கம் விட்டுப்போகும். சிலர் துக்க வீட்டில் சிரிப்பார்கள். அது பதற்றத்தில் வரும் சிரிப்பு. அதற்காக யாரும் அதட்டக்கூடாது. சிலரிடம் ஒன்றும் தெரியாது, ஆறு மாதம் கழித்துத் திடீரென்று வெடிக்கும். அதற்குள் எல்லோரும் அந்த மரணத்தை மறந்திருப்பார்கள். "இவனுக்கு என்ன வந்தது?" என்று மருந்தைக் கூட்டுவதற்கு முன், வீட்டில் என்ன நடந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல்வலி, வயிற்றுவலி போன்ற உடல் உபாதைகளும் இப்படி வெளிப்படலாம் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்தில் உள்ள மனநலத் துறையில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு உண்டு.

உண்மையை நேரான சொல்லில் சொல்லுங்கள்

ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்வார்கள். நாம் மரணத்தைச் சொல்லப் பயன்படுத்தும் சொற்களை அந்தக் காதோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "ஊருக்குப் போயிருக்கார்" என்றால் திரும்பி வருவார். நம் பகுதியில் எத்தனை வீட்டு ஆண்கள் சென்னைக்கும் சவூதிக்கும் துபாய்க்கும் போய் வருகிறார்கள்! அவர்கள் எல்லாம் வரும்போது அப்பா மட்டும் ஏன் வரவில்லை என்று பிள்ளை காத்துக்கொண்டே இருப்பான். "தூங்கிட்டார்" என்றால், தானும் தூங்கினால் எழுந்திருக்க மாட்டோமோ என்று படுக்கவே பயப்படுவான். "தவறிட்டார்" என்றால் என்ன தவறு செய்தார் என்று கேட்பான். உருது பேசும் வீடுகளில் சொல்லும் "குஜர் கயே" என்பதும் கடந்து போனார் என்றுதான் காதில் விழும். "அல்லாஹ் கூப்பிட்டுக்கொண்டான்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அடுத்து என்னையும் அம்மாவையும் கூப்பிடுவானோ என்ற அச்சம் வரலாம்.

"இறந்துவிட்டார்" என்றோ "மவுத்தாகிவிட்டார்" என்றோ, வீட்டில் வழங்கும் ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்லட்டும். அவன் அதிகம் நம்பும் ஒருவர், அமைதியான இடத்தில் உட்கார வைத்து, இந்த மாதிரி சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லலாம்:

"அப்பா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறது நின்னு போச்சு. இனிமே மூச்சு விடமாட்டார், பேசமாட்டார், சாப்பிடமாட்டார். வீட்டுக்குத் திரும்பி வரமாட்டார். நீ செஞ்ச எதனாலும் இது நடக்கலை. அம்மா உன் கூட இருக்கேன். நாளைக்கும் நீ ஸ்கூலுக்குப் போவே."

இதைச் சொன்ன பிறகு ஈமானின் வார்த்தையைச் சொல்லுங்கள். நாம் எல்லோரும் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்பதைப் பிள்ளையும் அறிய வேண்டியவன்தான். ஆனால் உடம்புக்கு என்ன ஆயிற்று என்பது முதலில் புரிய வேண்டும். "சொர்க்கத்தில் பார்க்கலாம்" என்று சொன்னால் "எத்தனை மணிக்கு?" என்று கேட்பான். "அது எப்போது என்று அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும், நாம் துஆ செய்துகொண்டிருப்போம்" என்பது உண்மையான பதில்.

திரும்பத் திரும்பக் கேட்டால் திரும்பத் திரும்ப அதே பதிலை அதே சொற்களில் சொல்லுங்கள். சலித்துக்கொண்டு ஒரு நாள் பதிலை மாற்றினால் முன்பு சொன்னது எல்லாம் கலைந்துபோகும்.

பேசாத பிள்ளைக்குப் புரியாது என்று விட்டுவிடாதீர்கள். பேச்சு இல்லாவிட்டாலும் கேட்கிறான், பார்க்கிறான். மேலே சொன்ன ஷீலா ஹாலின்ஸ், தந்தை இறந்துபோவதைப் படங்களாலேயே சொல்லும், எழுத்தே இல்லாத ஒரு புத்தகத்தை 1989-இல் வெளியிட்டார். நாம் புத்தகம் தேட வேண்டியதில்லை. அப்பா, மருத்துவமனை, சந்தூக்கு, பள்ளிவாசல், கபரஸ்தான், பிறகு நம் வீடு என்று ஆறு படங்களை ஒரு தாளில் வரைந்து வரிசையாகக் காட்டினால் போதும்.

ஜனாஸாவில் அவனுக்கும் இடம் உண்டு

அவன் விரும்பினால் முகம் பார்க்க விடுங்கள். விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். இறந்தவர் அசையமாட்டார், தொட்டால் குளிர்ச்சியாக இருப்பார், வெள்ளைத் துணி சுற்றியிருப்பார்கள், மூக்கில் பஞ்சு இருக்கும், கற்பூர வாசனை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள். கூட்டம் வருவதற்கு முன், கொஞ்சம் பேர் இருக்கும்போது பார்ப்பது நல்லது. பெண்கள் கபரஸ்தானுக்குப் போகும் வழக்கம் நம் பகுதியில் இல்லாததால், ஆட்டிசம் உள்ள பெண் பிள்ளைக்கு இதுவே கடைசிப் பார்வை. அதை அவளுக்குச் சொல்லிவிட்டுப் பார்க்க வையுங்கள்.

அன்று முழுவதும் அவனோடு இருப்பதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். மையித்தின் நெருங்கிய உறவாக இல்லாத, அவனை நன்கு அறிந்த ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் நல்லது. அழுகைச் சத்தம், ஊதுபத்திப் புகை, கட்டிப்பிடிக்கும் கைகள் எல்லாம் அவனுக்குத் தாங்க முடியாமல் போகலாம். ஒதுங்க ஓர் அறையோ பக்கத்து வீட்டு மாடியோ ஏற்பாடு செய்யுங்கள். வருபவர்கள் அவனைக் கட்டி அழ வேண்டாம். ஸலாம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாலே அது பெரிய ஆறுதல்.

ஜனாஸாத் தொழுகை அவன் பழகிய தொழுகை மாதிரி இராது. ருகூஉ இல்லை, ஸுஜூது இல்லை, நின்ற நிலையிலேயே நான்கு தக்பீர்கள், பிறகு ஸலாம். தொழுகையின் ஒழுங்கை மனதில் பதித்து வைத்திருக்கும் பிள்ளை, எல்லோரும் ஏன் குனியவில்லை என்று குழம்பிப்போவான். முந்தியே சொல்லிவிட்டால் சரியாக நிற்பான். கடைசி வரிசையின் ஓரம் அவனுக்கு வசதி. கபரில் எல்லோரும் மூன்று பிடி மண் போடும்போது அவன் கையாலும் போடட்டும். கையால் செய்த காரியம் அவன் மனதில் நிற்கும். அப்பா எங்கே என்ற கேள்விக்கு ஒரு இடம் கிடைக்கும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அங்கே அழைத்துப்போய் ஸியாரத் செய்ய வைத்தால் அது இன்னும் உறுதியாகும்.

இது புதிய பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறுவராக இருந்தபோது, அவர் விளையாடிய சின்னக் குருவி செத்துப்போனது. நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வந்து, அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து, குருவியைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு குருவிக்கா இத்தனை வருத்தம் என்று அவர்கள் தள்ளவில்லை. நாம் சிறியது என்று நினைக்கும் இழப்பு பிள்ளைக்குப் பெரியதாக இருக்கலாம். வீட்டுப் பூனை சாவது, சிறப்புப் பள்ளி ஆசிரியை வேலையை விட்டுப் போவது, அக்கா நிக்காஹ் முடிந்து புகுந்த வீடு போவது, இவையும் அவனுக்கு இழப்புகள்தான். தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்களே கண்ணீர் விட்டார்கள். அது கருணையின் அடையாளம் என்று விளக்கினார்கள். ஒவ்வோர் உள்ளத்திலும் உள்ள கருணையை அல்லாஹ் அறிவான். அது கண்ணீராக வந்தாலும், வாசலில் நிற்பதாக வந்தாலும்.

இத்தா காலமும் பிந்திய மாதங்களும்

தந்தை இறந்தால் தாய்க்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை. நம் பார்வையில் அது தாயின் கடமை. பிள்ளையின் பார்வையில் அது இரண்டாவது இழப்பு. காலையில் தன்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போன அம்மா வெளியே வருவதில்லை, உடையும் மாறிவிட்டது, பயிற்சிக்கும் அழைத்துப்போவதில்லை. அப்பாவும் போய், அம்மாவும் பாதி போய்விட்ட மாதிரி இருக்கும். ஒரு காலண்டரில் இத்தா முடியும் நாளை வட்டமிட்டு, தினமும் ஒரு நாளை அவனே அடித்து வரட்டும். எண்ணிக்கை கண்ணில் தெரிந்தால் தவிப்பு குறையும். அந்த நாட்களில் அவனைப் பள்ளிக்கு அழைத்துப்போக ஒரே ஆளை, ஒரே நேரத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். அவசியத் தேவைக்குத் தாய் பகலில் வெளியே செல்வது பற்றி ஆலிம்கள் சலுகை சொல்லியிருக்கிறார்கள். உங்கள் இமாமிடம் நிலைமையை விளக்கிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற ஒழுங்குகளை முடிந்த வரை அப்படியே வைத்திருங்கள். அதே தட்டு, அதே நேரம், அதே பள்ளி. மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் என்று கூடும் வழக்கம் உள்ள குடும்பங்கள், எத்தனை பேர் வருவார்கள், எப்போது போவார்கள் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.

இறந்தவரின் துணிகளை ஸதகாவாகக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் கொடுக்கும் முன் பிள்ளைக்காக ஒரு சட்டையை, துவைக்காமல், எடுத்து வையுங்கள். டேனரியில் வேலை செய்த அப்பாவின் சட்டையில் உள்ள தோல் வாடை நமக்கு வாடை. அவனுக்கு அதுதான் அப்பா.

நமக்குப் பிறகு யார்?

இந்தக் கேள்வியை ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் ஒவ்வொரு இரவும் கேட்டுக்கொள்கிறாள். டொனால்ட் டிரிப்லெட்டின் பெற்றோருக்கும் இதே கேள்வி இருந்தது. குடும்பம் அவருக்கென்று ஓர் அறக்கட்டளை நிதியை ஒதுக்கி வைத்தது. தம்பி அருகில் இருந்தார். ஊர் வங்கியில் அவருக்கு வேலை இருந்தது. அவரைத் தேடி வந்த பத்திரிகையாளர்களிடம், அவர் மனம் நோகும்படி ஏதும் செய்தால் சும்மா விடமாட்டோம் என்று ஊர்க்காரர்களே எச்சரித்தார்கள். தாயை இழந்த பிறகு 38 ஆண்டுகள் சொந்த ஊரிலேயே கண்ணியமாக வாழ்ந்து, 2023 ஜூனில் 89 வயதில் இறந்தார். அவர் குடும்பம் வசதியானது, உண்மைதான். ஆனால் ஊர் அவரை அறிந்திருந்தது என்பதைப் பணத்தால் வாங்கியிருக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை இவை.

ஒன்று, பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டப்படி பாதுகாவலர் நியமனம் பெறுங்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு இதைச் செய்கிறது. பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்கள் திருப்பத்தூருக்கும், பேரணாம்பட்டு, குடியாத்தம் குடும்பங்கள் வேலூருக்கும், மேல்விஷாரம் குடும்பங்கள் ராணிப்பேட்டைக்கும் செல்ல வேண்டும். அந்தந்த மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அடையாள அட்டையும், ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தரும் நிராமயா காப்பீடும் பற்றி அங்கேயே விசாரியுங்கள்.

இரண்டு, பி.எஃப். பிடித்தம் உள்ள தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியது. 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், இறந்த உறுப்பினரின் பிள்ளைகளுக்கு 25 வயது வரை ஓய்வூதியம் உண்டு. நிரந்தரமான முழு இயலாமை உள்ள பிள்ளைக்கு இந்த வயது வரம்பு இல்லை. இது தெரியாமல் குடும்பங்கள் விட்டுவிடக்கூடாது. மருத்துவச் சான்றையும் பி.எஃப். விவரங்களையும் இப்போதே ஒரே கோப்பில் வையுங்கள்.

மூன்று, வாரிசுப் பங்கு. ஆட்டிசம் உள்ள மகனுக்கும் மகளுக்கும் ஷரீஅத் மற்றப் பிள்ளைகளுக்குத் தரும் அதே பங்கைத் தருகிறது. "அவனுக்கு எதற்குச் சொத்து, நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோமே" என்று சகோதரர்கள் அதைத் தங்கள் பெயரில் எழுதிக்கொள்வது ஹலால் ஆகாது. தம் பொருளைத் தாமே நிர்வகிக்க முடியாதவர்களுக்கு அதிலிருந்தே உணவும் உடையும் கொடுத்து, அவர்களிடம் நல்ல பேச்சுப் பேசும்படி சூரா அன்னிஸா வழிகாட்டுகிறது. சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒவ்வோர் ஆண்டும் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும்.

நான்கு, ஒரு நோட்டுப் புத்தகம். பிள்ளை என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், எந்தச் சத்தம் ஆகாது, அவன் சொல்லும் தனிச் சொற்களுக்கு என்ன பொருள், என்ன மருந்து, எப்படித் தூங்க வைப்பது என்று தாய் தன் கையால் எழுதி வைக்கட்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல மூத்த பிள்ளை எழுதலாம். தாய்க்கு மட்டும் தெரிந்த இந்த அறிவு அவளோடு கபருக்குப் போய்விட்டால், பிள்ளை தாயையும் இழந்து, தன்னைப் புரிந்த ஒரே ஆளையும் இழக்கிறான். மாதம் ஓர் இரவாவது சித்தி வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ தங்கிப் பழகட்டும். முதல் தடவை வேறு வீட்டில் தூங்கும் இரவு, தாய் மவுத்தான இரவாக இருக்கக்கூடாது.

மொஹல்லாவின் கடமை

ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் வீட்டாருக்கு உணவு தயாரித்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அந்த ஸுன்னத்தை நம் பகுதி இன்றும் விடாமல் காக்கிறது. அந்தச் சாப்பாட்டோடு இன்னொன்றையும் சேர்ப்போம். மவுத் வீட்டுக்குப் போகும்போது அங்கே ஆட்டிசம் உள்ள பிள்ளை இருந்தால், "அவனுக்குச் சொல்லியாச்சா? அவனோட யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால் நீங்கள் இருங்கள். நாற்பது நாள் கழித்து, கூட்டம் எல்லாம் கலைந்த பிறகு, இன்னொரு முறை போய்ப் பாருங்கள். வாசலில் நின்று அப்பாவை எதிர்பார்க்கும் பிள்ளையோடு ஐந்து நிமிஷம் நிற்பதும் இபாதத்தான்.

தம் மொஹல்லாவில் இப்படிப்பட்ட குடும்பங்கள் இருந்தால் ஜும்ஆவுக்குப் பிறகு நம் அலுவலகத்தில் தெரிவியுங்கள். விண்ணப்பம் எழுதவும், ஆட்சியர் அலுவலகத்துக்குத் துணைக்கு வரவும் நாம் தயாராக இருக்கிறோம்.

யா அல்லாஹ்! இந்தப் பிள்ளைகளின் உள்ளத்தில் உள்ளதை நீ அறிவாய். அவர்களை விட்டுச் சென்ற பெற்றோரின் கபரை ஒளியாக்குவாயாக. அவர்களுக்குத் துணையாக நிற்கும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.